ரெண்டாவதா வந்த பிள்ளை, அஞ்சாவதா வந்த பள்ளிக்கூடம்: ஒரு குறுக்கோட்டப் போட்டியைப் பிரிச்சுப் பார்க்கறேன்

ரிசல்ட்டை முதல்லயே சொல்லிடறேன். மாவட்ட அளவுல தொடக்கப்பள்ளிங்களுக்கான குறுக்கோட்டப் போட்டி, அதான் மெரெந்தாஸ் டேசா, பன்னெண்டு வயசுக்குக் கீழ பெண்கள் பிரிவு. மலேசியாவுல பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் இருக்கற நம்ம தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஆறு பிள்ளைங்களை இறக்குச்சு (போர்டுல பெஸ்தாரி ஜெயான்னு மாறி எத்தனையோ வருஷம் ஆச்சு, எங்க வாயில இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை தான்). அதுல ஒரு பிள்ளை எண்பது சொச்சம் பேர்ல ரெண்டாவதா வந்தா. மெடல் வாங்கினா, படம் எடுத்தோம், வாட்ஸப் குரூப்பு முழுக்க கைதட்டல். ஆனா குழு பிரிவுல நம்ம பள்ளிக்கூடம் அஞ்சாவது. ஜெயிச்சது நம்மள விட உள்ளடங்கின தோட்டத்துல இருக்கற இன்னொரு தமிழ்ப்பள்ளி, அவங்க பிள்ளைங்கள்ல ஒருத்தி கூட முதல் அஞ்சுக்குள்ள வரல.

இது எப்படின்னு நிறைய பெற்றோருக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. "கணக்கு தப்பா போட்டுட்டாங்க", "ஆள் பார்த்து கொடுத்துட்டாங்க"ன்னு ரெண்டு வாரம் பேச்சு ஓடுச்சு. கணக்குல தப்பே இல்ல. அன்னைக்கு நான் வழியில இருக்கற ஒரு பாலத்துகிட்ட மார்ஷலா நின்னேன், யாரும் குறுக்கு வழியில போகாம இருக்காங்களான்னு பார்க்க பிள்ளைங்க நம்பரை வரிசையா எழுதி வைக்கற வேலை. அந்தத் தாளும் கடைசி ரிசல்ட் தாளும் ரெண்டும் கையில இருக்கு. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா என்ன நடந்துச்சுன்னு தெளிவா தெரியுது.

முதல்ல பாயிண்ட் கணக்கு. அன்னைக்கு விதி, ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆறு பேர் ஓடலாம், அதுல முதல்ல வர்ற நாலு பேரோட இடத்தைக் கூட்டணும், கம்மியா வர்றவங்க ஜெயிச்சாங்க. உலக குறுக்கோட்டப் போட்டியில பெரியவங்களுக்கும் இதே ஆறுக்கு நாலு முறை இருந்துருக்கு, அதனால யாரும் புதுசா கண்டுபிடிச்சது இல்ல. நம்ம பிள்ளைங்க வந்த இடம் 2, 23, 38, 57. கூட்டினா 120. ஜெயிச்ச பள்ளிக்கூடம் 6, 9, 11, 17. கூட்டினா 43. மூணாவதா வந்தவங்க 97, நாலாவது 104.

இப்போ யோசிச்சுப் பாருங்க, நம்ம நட்சத்திரம் உயிரைக் கொடுத்து ஓடி முதல் இடத்துக்கே வந்துருந்தா கூட 119 தான், அதே அஞ்சாவது இடம். ஆனா 57-ஆ வந்த பிள்ளை ஒரு 30-ஆவது இடத்துக்கு வந்துருந்தா, அவ நம்ம 38-ஐ 39-க்குத் தள்ளினா கூட மொத்தம் 94, மூணாவது இடத்துக் கோப்பை நம்ம ஆபீஸ் அலமாரியில நின்னுருக்கும். ஒன்னாவது பிள்ளைக்கு மேல போக ஒரே ஒரு இடம் தான் பாக்கி இருந்துச்சு, நாலாவது பிள்ளைக்கு ஐம்பத்தாறு இடம் பாக்கி. நாங்க மூணு மாசமா பார்த்துப் பார்த்து செஞ்சதெல்லாம் அந்த ஒன்னாவது பிள்ளைக்கு.

இன்னொரு விஷயம், ஜெயிச்ச பள்ளிக்கூடத்தோட அஞ்சாவது பிள்ளை 22-ஆவதா வந்தா. அவ இடம் கணக்குலயே வராது. ஆனா நம்ம ரெண்டாவது பிள்ளையை 22-லருந்து 23-க்குத் தள்ளினது அவ தான். கணக்குல வராத பிள்ளையும் அடுத்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாயிண்ட் ஏத்தி விடும், குறுக்கோட்டத்துல இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்போ என் பாலத்துத் தாளுக்கு வர்றேன். பாலம் இருக்கறது தொடக்கத்துலருந்து ஏறக்குறைய 700 மீட்டர்ல, மொத்த ஓட்டம் ரெண்டு கிலோமீட்டர் சொச்சம். பாலத்தைத் தாண்டும்போது நம்ம பிள்ளைங்க 1, 5, 8, 12. கூட்டினா 26. அந்த நிமிஷத்துல போட்டி முடிஞ்சுருந்தா நம்ம தான் சாம்பியன், அதுவும் ஒருத்தரும் கிட்ட வர முடியாத சாம்பியன். ஜெயிச்ச பள்ளிக்கூடம் அப்போ 19, 21, 24, 30-ல இருந்துச்சு, மொத்தம் 94. பாலத்துகிட்ட நின்ன நம்ம ஆளுங்க சிலர் அப்பவே ஜெயிச்சாச்சுன்னு போன் போட்டு சொல்லிட்டாங்க.

பாலத்துக்கு அப்புறம் 1,300 மீட்டர் சொச்சத்துல அவங்க 94-லருந்து 43-க்கு இறங்கினாங்க, நம்ம 26-லருந்து 120-க்குப் போனோம். பிள்ளைங்க சோம்பேறின்னு ஒரு பெரியவர் சொன்னாரு, எனக்குக் கோவம் தான் வந்துச்சு. சோம்பேறிப் பிள்ளை 700 மீட்டரை அந்த வேகத்துல ஓடுமா?

நடந்தது என்னான்னா, தொடக்கம் திடல்ல, ஒரு 300 மீட்டர் அகலமான புல்லு, அதுக்கு அப்புறம் செம்பனைக் காட்டுக்குள்ள லோரி போற செம்மண் ரோட்டுல நுழையணும். எண்பது பிள்ளைங்க ஒரே வாய்க்குள்ள நுழையறதால பின்னாடி மாட்டினா நடக்க வேண்டியது தான்னு நம்ம சார் பயந்தாரு, "ரோட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி முன்னுக்குப் போயிடுங்கம்மா, அப்புறம் பார்த்துக்கலாம்"னு ஆறு பேருக்கும் சொல்லிக் கொடுத்தாரு. நட்சத்திரப் பிள்ளைக்கு அது சரியான யோசனை, அவளுக்கு அதைத் தாங்கற உடம்பு இருக்கு. மத்த அஞ்சு பேரும் அவ முதுகைப் பார்த்துகிட்டே அதே வேகத்துல போனாங்க.

அந்த வயசுல இது இயல்பு. வேகத்தை முழு தூரத்துக்கும் பங்கு போட்டு ஓடற புத்தி பிள்ளைங்களுக்குப் பத்து பதினோரு வயசு வாக்குல தான் மெல்ல வர ஆரம்பிக்கும், அதுக்குக் கீழ உள்ளவங்க விசில் அடிச்சதும் இருக்கறதையெல்லாம் கொட்டிட்டு ஓடுவாங்க. பெரியவங்களை விட பிள்ளைங்களுக்கு மூச்சு வாங்காம வேகமா ஓடற சக்தி, அதாவது ஆக்சிஜன் பத்தாம தசை தானா எடுத்துக்கற சக்தி, கம்மி. அதே வேகத்துல ஓட ஒரு கிலோ எடைக்கு அவங்க செலவு பண்ற சக்தியும் பெரியவங்களை விட கூட. மூச்சு வாங்கி நிதானமா ஓடற ஓட்டத்துல பிள்ளைங்க கில்லாடி, களைப்பும் சீக்கிரம் ஆறிடும், ஆனா முதல் முந்நூறு மீட்டர்லயே முழுசா விட்டுட்டா அந்த அனுகூலம் போயிடும்.

வெயிலையும் சொல்லணும். ஏழரைக்கு விட வேண்டிய ஓட்டம், பிரமுகர் வரணும், பேசணும், பலூன் விடணும்னு இழுத்து இழுத்து, பிள்ளைங்க கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் வரிசையில நின்னதுக்கு அப்புறம் தான் ஆரம்பிச்சாங்க. இங்க 35 டிகிரிக்கு மேல மூணு நாள் தொடர்ந்து போனா வானிலை ஆபீஸ் முதல் கட்ட எச்சரிக்கை கொடுக்குது, 2023 மே மாசம் வெயிலுக்காக பள்ளிக்கூடங்கள்ல வெளி நடவடிக்கையை நிறுத்தவே சொன்னாங்க. அன்னைக்கு அவ்வளவு சூடு இல்ல, ஆனா எட்டரை மணிக்கு மேல திடல்ல நிழல் இல்லாம நிக்க வச்சா பத்து வயசுப் பிள்ளை ஓடறதுக்கு முன்னாடியே பாதி காலி. எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அதே வெயில் தானேன்னு கேப்பீங்க. ஜெயிச்ச பள்ளிக்கூடத்து டீச்சர் பிள்ளைங்களை வரிசையிலயே குந்த வச்சு, தலையில ஈரத் துண்டு போட்டு, போத்தல்ல தண்ணி கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துகிட்டு இருந்தாங்க. நம்ம பிள்ளைங்க பேச்சைக் கேட்டுகிட்டு நேரா நின்னாங்க, நல்ல ஒழுக்கம்னு பாராட்டு கூட கிடைச்சுச்சு.

அந்த டீச்சர்கிட்ட முடிஞ்சதும் போயி நேராவே கேட்டேன். மைலோ வேன்கிட்ட கியூவுல நின்னாங்க, பரிசு வாங்கின பரபரப்பே முகத்துல இல்ல.

"என்னா டீச்சர் செஞ்சீங்க? பாலத்துகிட்ட உங்க பிள்ளைங்களைப் பார்த்துட்டு பாவமா இருந்துச்சு."

"பாலம் வரைக்கும் பக்கத்துல ஓடற பிள்ளைகிட்ட பேசிகிட்டே ஓடணும்னு சொல்லிருக்கேன் அண்ணே. பேச முடியலன்னா வேகம் கூட. பாலம் தாண்டினா ஆள் பிடிக்கலாம்."

ஆள் பிடிக்கறதுன்னா அவங்க பள்ளிக்கூடத்துல ஒரு விளையாட்டு மாதிரி. பாலத்துக்கு அப்புறம் முந்திப் போற ஒவ்வொரு பிள்ளையையும் மனசுல எண்ணிகிட்டே போகணும், முடிஞ்சதும் டீச்சர்கிட்ட எண்ணிக்கையைச் சொல்லணும். எத்தனையாவதா வந்தேன்னு டீச்சர் கேக்கவே மாட்டாங்களாம், எத்தனை பேரைப் பிடிச்சேன்னு தான் கேப்பாங்களாம். அன்னைக்கு முடிவுக் கோட்டுகிட்ட ஒரு சின்னப் பிள்ளை மூச்சு வாங்கிகிட்டே "பதிமூணு டீச்சர், பதிமூணு"ன்னு கத்தினதை என் காதால கேட்டேன், அப்போ எனக்கு அர்த்தம் புரியல. தாள்ல பார்த்தா 30-லருந்து 17-க்கு வந்த பிள்ளை அவ தான், அவங்களோட நாலாவது பிள்ளை.

லோரி ரோடு குறுகல், முந்த முடியாதுன்னு நம்ம சார் பயந்தாரே, அதுக்கும் அவங்ககிட்ட பதில் இருந்துச்சு. அந்த ரோட்டுல ரெண்டு டயர் தடம், நடுவுல புல்லு மேடு. எல்லாப் பிள்ளைங்களும் தடத்துல தான் வரிசையா ஓடும், நடுப்புல்லு காலியா கிடக்கும். அவங்க பிள்ளைங்க புல்லுல ஏறி முந்திட்டு மறுபடி தடத்துல இறங்கிப் பழகிருக்காங்க. இதுக்குத் தனியா பயிற்சி வேணுமான்னா வேணும், ஈரப் புல்லுல வழுக்கும், கால் எங்க வைக்கணும்னு தெரியணும்.

தூரம் அளக்க அவங்க செம்பனை மரத்தைத் தான் எண்ணறாங்க. மரத்துக்கு மரம் ஒம்பது மீட்டர் வாக்குல நடுவாங்க, பதினொரு மரம் தாண்டினா ஏறக்குறைய நூறு மீட்டர். தோட்டத்துக் கண்காணியான தண்டல்கிட்ட கேட்டு, பதினொரு மரத்துக்கு ஒரு மரம் சுண்ணாம்பு அடிச்சு வச்சுருக்காங்க. செலவு ஒரு டின் சுண்ணாம்பு.

ஆளைத் தேர்ந்தெடுத்த விதத்துலயும் வித்தியாசம். நம்ம பள்ளிக்கூடத்துல மொத்தமே நூத்தம்பது பிள்ளைங்களுக்குக் கீழ, அரசாங்கக் கணக்குல குறைந்த மாணவர் பள்ளி. நாலு, அஞ்சு, ஆறாம் ஆண்டு பெண் பிள்ளைங்களைச் சேர்த்தா ஒரு வகுப்பு கூட நிறையாது. அதுலருந்து ஆறு பேரை எடுக்கணும், விளையாட்டு தினத்துல 100 மீட்டர், 200 மீட்டர் ஜெயிச்சவங்களை அப்படியே எடுத்தாச்சு. யாரும் கேள்வி கேக்கல, ஓடறவன்னா வேகமா ஓடறவன் தானே. நம்ம ஊரு தேத்தண்ணிக் கடையில ஓட்டம்னு பேச்சு வந்தா டாக்டர் ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுல 100, 200, தொடர் ஓட்டம் மூணுலயும் தங்கம் எடுத்ததைச் சொல்வாங்க, அதே வருஷம் 400 மீட்டர்ல ராஜாமணி தங்கம் எடுத்ததைச் சொல்வாங்க. ரொம்ப நீளமாப் போனா 1985-ல ஜகார்த்தாவுல 800 மீட்டரை 1 நிமிஷம் 47.37 வினாடியில ஓடின ராஜ்குமார். பெருமை தான், நானும் சொல்வேன். ஆனா எல்லாம் ரெண்டு சுத்துக்குள்ள முடியற ஓட்டம், நாலு பேர் ஓடின தொடர் ஓட்டத்தைக் கூட ஒத்தை ஆளோட பேர்ல தான் சொல்வோம். நாலு பேர் இடத்தைக் கூட்டி ஜெயிக்கற குறுக்கோட்டத்துக்கு எங்ககிட்ட கதையே இல்ல.

ஜெயிச்ச பள்ளிக்கூடம் செகாக் புத்தகத்தைப் புரட்டிருக்கு. நாலாம் ஆண்டுலருந்து எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் செய்யற உடல் தகுதிச் சோதனை தான், பெஞ்சுல மூணு நிமிஷம் ஏறி இறங்கி நாடி எண்ணறது, தள்ளி எழும்பறது, உக்காந்து குனிஞ்சு தொடறது. நிறைய இடத்துல அதை எழுதி பைல்ல போட்டு மூடிடுவாங்க. அந்த டீச்சர், மூணு நிமிஷம் ஏறி இறங்கினதுக்கு அப்புறம் யாருக்கு நாடி நிதானமா இருக்குன்னு பார்த்து எடுத்தாங்களாம். அவங்க ஆறு பேர்ல ரெண்டு பேர் விளையாட்டு தினத்துல ஒரு ஓட்டத்துல கூட பரிசு வாங்காதவங்க. நம்ம பள்ளிக்கூடத்து செகாக் பைலையும் அப்புறம் எடுத்துப் பார்த்தோம், நாலாம் ஆண்டுல ஒரு குட்டிப் பிள்ளைக்கு எல்லாரையும் விட நல்ல நாடி. நூறு மீட்டர்ல கடைசியா வந்தவ, அவளைக் குறுக்கோட்டத்துக்கு யாரும் கூப்பிடவே இல்ல. வேற பிள்ளைங்களை விட தலை உயரம் கம்மி, பிறந்தது டிசம்பர் மாசம். பிறந்த வருஷத்தை வச்சுத் தான் பிரிக்கறாங்க, ஜனவரிப் பிள்ளையும் டிசம்பர்ப் பிள்ளையும் ஒரே வரிசையில நிக்கும், பத்து வயசுல பதினொரு மாசம்ங்கறது பெரிய வித்தியாசம். அதுவும் பெண் பிள்ளைங்க கிடுகிடுன்னு வளர்ற வயசு அது.

இப்போ 57-ஆவதா வந்த பிள்ளை. பாலத்துகிட்ட 12. அவளைப் பத்தித் தான் அதிகம் பேசினாங்க, அதனால அவ பக்கம் என்னான்னு சொல்லிடறேன். போட்டிக்கு ஒரு மாசம் முன்னாடியே அவளுக்குக் குதிகால் வலி. யார்கிட்டயும் சொல்லல. அவங்கம்மா அப்புறம் என்கிட்ட சொன்னாங்க, "வலிக்குதுன்னா டீம்லருந்து எடுத்துடுவாங்கன்னு பயந்துட்டாண்ணே, வீட்டுல கூட நொண்டறதை மறைச்சுருக்கா." கிளினிக்ல காட்டினதுக்கு செவர்ஸ்னு சொல்லிருக்காங்க. எட்டுலருந்து பதினாலு வயசு வாக்குல ஓடி விளையாடற பிள்ளைங்களுக்கு அடிக்கடி வர்றது தான், குதிகால் எலும்புல வளர்ற பாகம் இன்னும் கெட்டியாகாம இருக்கும், கெண்டைக்கால் தசைநார் அதைப் பின்னாடி இழுத்துகிட்டே இருக்கும், ஓடினா குதிச்சா வலிக்கும். பயப்பட ஒன்னும் இல்ல, வளர்ச்சி முடிஞ்சா போயிடும், அது வரைக்கும் ஓட்டத்தைக் குறைக்கணும், குதிகாலுக்கு மெத்துன்னு வைக்கணும். அவ போட்டு ஓடினது அண்ணனோட பழைய கறுப்பு பள்ளிச் சப்பாத்து, பெரிய சைஸ், முன்னாடி துணி அடைச்சுருந்துச்சு. அடி தேஞ்சு அட்டை மாதிரி ஆயிருந்துச்சு. பசியாறலுக்கு ஆறரை மணிக்கு வழியில நிறுத்தி வாங்கின நாசி லெமாக், அதான் தேங்காப்பால் சோறு, சம்பலோட. பாலத்துக்கு அப்புறம் விலாவைப் பிடிச்சுகிட்டு நடந்தா, அப்புறம் ஓடினா, அப்புறம் நடந்தா. நிறுத்தல. அவ நின்னு, பின்னாடி வந்த நம்ம அஞ்சாவது பிள்ளை நாலாவதா ஆயிருந்தா 68, மொத்தம் 131 ஆயிருக்கும்.

ஆனா எனக்குப் பெரிய காரணமா படறது காலும் இல்ல சோறும் இல்ல, வேன். நம்ம தோட்டத்துல இப்போ லயத்துல இருக்கற குடும்பம் கொஞ்சம் தான், மத்தவங்க வெளிய தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு மாறிட்டாங்க, பள்ளிக்கூடம் மட்டும் தோட்டத்துலயே நிக்குது. பிள்ளைங்க வேன்ல வருது, பள்ளி முடிஞ்சதும் வேன்ல போகுது. பயிற்சி சாயங்காலம். நட்சத்திரப் பிள்ளை வீடு லயத்துல, நடந்து வந்துடுவா, அவங்கப்பா மோட்டர்ல பக்கத்துலயே போயி நேரம் பார்ப்பாரு. மத்த அஞ்சு பேர்ல நாலு பேர் வேன் பிள்ளைங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் ஃபேக்டரி ஷிப்ட்டு, சாயங்காலம் கூட்டிட்டு வர ஆள் இல்ல. ஆறாம் ஆண்டு அரசாங்கச் சோதனை யூபிஎஸ்ஆர் இருந்த காலத்துல ஆறாம் ஆண்டுப் பிள்ளையை விளையாட்டுக்கு விட மாட்டோம்னு சொல்வாங்க, 2021-ல அதையும் எடுத்தாச்சு, இப்போ சோதனை தடுக்கல, வேன் தான் தடுக்குது. ஆக மூணு மாசம் பயிற்சின்னு நாங்க சொன்னது ஒரு பிள்ளைக்குத் தான் மூணு மாசம்.

ஜெயிச்ச பள்ளிக்கூடத்துக்கும் வேன் பிள்ளைங்க தான். அவங்க வேன் ஆறே முக்காலுக்கு வந்துடுது, சபை கூடல் ஏழரைக்கு. நடுவுல இருக்கற நேரத்துல இருபது நிமிஷம் ஓட விட்டாங்க, வாரத்துல மூணு நாள், வெயிலும் இல்ல. ஓடிட்டு முகம் கழுவி சட்டை மாத்திட்டு வகுப்புக்குப் போயிடும். அவ்வளவு தான் ரகசியம்.

இதையெல்லாம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துல ரெண்டு தாளையும் வச்சுப் பேசினேன். நட்சத்திரப் பிள்ளையோட அப்பாவுக்குக் கோவம், "என் பிள்ளை மெடல் எடுத்தது உங்களுக்குக் குத்தமா போச்சா"ன்னு கேட்டாரு. அவரு கோவம் ஞாயம் தான். அந்தப் பிள்ளை மாவட்டத்தைப் பிரதிநிதிச்சு மாநிலத்துக்குப் போறா, அதுக்கு முழு மரியாதை கொடுக்கணும். அவளைப் பேசிகிட்டே ஓடுன்னு பிடிச்சு வைக்கறதும் முட்டாள்தனம். அவ வழி அவளுக்கு, நான் பேசறது மத்த அஞ்சு பேரைப் பத்தி. 1986-லருந்து 2003 வரைக்கும் பதினெட்டு வருஷம் தொடர்ந்து உலக குறுக்கோட்டத்துல ஆண்கள் குழுப் பரிசு கென்யாவுக்கே போச்சு. அதுல 1990-லயும் 1991-லயும் தனியா முதல்ல வந்தது மொரோக்கோக்காரர் காலித் ஸ்கா. அந்த ரெண்டு வருஷமும் ஜெயிச்சவரு பின்னாடியே கென்யா சட்டை வரிசையா வந்துருக்கு, அது போதுமா இருந்துச்சு. இதைச் சொன்னதும் தலைமையாசிரியர் சிரிச்சாரு, "நம்ம கென்யாவுக்கே போயிட்டோமா"ன்னு.

கூட்டத்துல முடிவானது இது. நட்சத்திரப் பிள்ளைக்கு ஸ்பைக்ஸ் வாங்க ஒதுக்கின பணத்தை அவளுக்கே கொடுக்கறது, அதுல கை வைக்கல. ஆறு பேருக்கும் சரியான சைஸ்ல ஓட்டச் சப்பாத்து வாங்கத் தனியா வசூல் பண்றது. செகாக் பைலைப் பார்த்து நாலாம் அஞ்சாம் ஆண்டுலருந்து புதுசா எடுக்கறது, ஏன்னா இந்த ஆறு பேர்ல நாலு பேர் அடுத்த வருஷம் இடைநிலைப்பள்ளிக்குப் போயிடுவாங்க. டிசம்பர்ல பிறந்த அந்தக் குட்டிப் பிள்ளை பேரை சார் முதல்லயே எழுதிட்டாரு. குதிகால் பிள்ளை இப்போதைக்கு ஓட மாட்டா, முடிவுக் கோட்டுல எண்ணிக்கை எழுதற வேலை அவளுக்கு.

காலைப் பயிற்சிக்கு வேன் இருபது நிமிஷம் முன்னாடி வரணும். வேன்கார அண்ணன் ஒரு பிள்ளைக்கு மாசம் பத்து வெள்ளி (ரிங்கிட்) கூட கேக்கறாரு, ரெண்டு நடை சுத்தணும், டீசலுக்குக் கட்டாதுன்னு சொல்றாரு. நாங்க அஞ்சு வெள்ளின்னு சொல்லிருக்கோம். அடுத்த வாரம் மறுபடி பேசறதா இருக்கு.